சேன்-பியேர் பக்கம் நடுக்கள வீரர்களுக்கான பயிற்சி முகாம்: பிள்ளையை அனுப்பலாமா?

ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் தெற்கே, சேன்-பியேர் ஊர்ப்பக்கம் நடக்கிற கால்பந்து முகாம் ஒன்றுக்கு இந்த வருஷம் என் மகனை அனுப்பினேன். முகாம்கள் நிறைய உண்டு. இதில் மட்டும்தான் ஆட்டத்தை உருவாக்குகிற நடுக்கள வீரர்களுக்கு, அதாவது நம்பர் 10 இடத்தில் ஆடுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். குறைகளும் எழுதப்போவதால் முகாமின் பெயரைப் போடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. ஆரம்பத்தில் பாஸ் போடவே கற்றுக்கொடுக்கவில்லை, பார்க்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் பந்தை அனுப்புவார், பயிற்சியாளர் பிள்ளைக்குப் பின்னால் எங்கேயாவது நின்று மஞ்சளோ சிவப்போ ஒரு துணியைத் தூக்கிப் பிடிப்பார், பந்து காலுக்கு வருவதற்குள் பிள்ளை திரும்பிப் பார்த்து நிறத்தைச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் என்றால் அப்படியே திரும்பி முன்னே போகலாம், சிவப்பு என்றால் பின்னால் ஆள் இருக்கிறான், ஒரே தொடுதலில் பந்தைத் திருப்பிக் கொடு. இவ்வளவுதான் பயிற்சி, ஆனால் படைப்புத்திறன் என்று நாம் வியந்து பேசுவதில் பாதி இதற்குள் இருக்கிறது. நார்வேக்காரர் கெய்ர் யோர்டெட் என்ற ஆய்வாளர் வீரர்கள் பந்து வருவதற்கு முன் எத்தனை தடவை தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று வருஷக்கணக்காக எண்ணியிருக்கிறார், அதிகம் பார்க்கிறவர்கள் வரிசையில் ஸ்பெயினின் நடுக்கள வீரர் ஷாவி மேலே இருக்கிறார். ஷாவி உயரமும் இல்லை, பெரிய வேகமும் இல்லை. பந்து காலுக்கு வரும்போது அடுத்த பாஸ் எங்கே என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதனால்தான் எதிராளி பக்கத்தில் வருவதற்குள் பந்து போய்விடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொன்று, பந்தை இழப்பது பற்றி அவர்கள் வைத்திருந்த விதி. நம் பிள்ளைகள் ஆடுகிற ஊர் அணிகளில் ஒரு பாஸ் தப்பினால் போதும், வெளியில் நிற்கிற அப்பாக்கள் உட்பட எல்லோரும் கத்துவோம். அப்புறம் பிள்ளை என்ன செய்யும்? பக்கத்தில் இருப்பவனுக்கே கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். இங்கே மைதானத்தை மூன்றாகப் பிரித்து, எதிரணி கோலுக்கு அருகே உள்ள பகுதியில் துணிந்து ஒரு பாஸ் முயன்று தப்பினால் ஒரு வார்த்தை சொல்வதில்லை, சொந்தக் கோலுக்கு முன்னால் தப்பினால் மட்டும் நிறுத்தி விளக்குகிறார்கள். கொஞ்ச நாளிலேயே என் மகன் இரண்டு பின்கள வீரர்களுக்கு நடுவே பந்தை நுழைக்க முயல்வதைப் பார்த்தேன். அதில் முக்கால்வாசி தப்பியது. பரவாயில்லை, முன்பு முயன்றதே கிடையாது.

இந்தத் தீவில் நம்பர் 10 என்று பேச்செடுத்தால் பிரான்ஸ் அணிக்கு ஆடிய திமித்ரி பயேத் வராமல் இருக்கமாட்டார். 1987-ல் சேன்-பியேரில் பிறந்து சேன்-பிலிப்பில் வளர்ந்தவர், சிறுவயதிலேயே லெ ஆவ்ர் அணியின் பயிற்சிப் பள்ளிக்குப் போய், அங்கே ஒத்துவராமல் தீவுக்கே திரும்பி, சேன்-ஜோசஃபின் எக்ஸெல்சியோர் அணியில் ஆடி, அங்கிருந்து பிரான்ஸின் நாந்த் அணிக்குப் போய் மேலே வந்தவர். ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். முகாமில் தினமும் சாயங்காலம் அவருடைய காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். 2016 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ருமேனியாவுக்கு எதிராக பிரான்ஸின் முன்கள வீரர் ஜிருவின் தலைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்ததும், பிறகு 89-வது நிமிடத்தில் தூரத்திலிருந்து இடது காலால் அடித்த கோலும், இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் அணிக்காக அடித்த ஃப்ரீ கிக்குகளும். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள்.

ஆனால் என் முக்கியமான வருத்தமும் இங்கேதான். அழகான பகுதியை மட்டுமே காட்டினார்கள். பயேத் மார்செய் அணியில் 2014-15 பருவத்தில் பயிற்சியாளர் பியெல்சாவிடம் ஆடியபோது நடுவில், முன்கள வீரர் ஜின்யாக்குக்குப் பின்னால் நின்று, அந்த வருஷம் பிரெஞ்சு லீகில் மற்றவர்களின் கோல்களுக்கு அதிகம் வழி செய்தவரானார். பியெல்சாவிடம் ஆடுவதென்றால் பந்தை இழந்த அடுத்த நொடியே ஆளைத் துரத்த வேண்டும், நம்பர் 10-க்கும் அதில் விலக்கு கிடையாது. முகாமில் பந்து இல்லாதபோது என்ன செய்வது என்று எதுவுமே சொல்லித்தரவில்லை. இன்றைக்கு அது இல்லாமல் எந்த அணியிலும் இடமில்லை. 2015-16-ல் இங்கிலாந்து பிரீமியர் லீகில் 19 கோல்களுக்கு வழி செய்த ஆர்சனல் அணியின் ஓசிலையே, பந்தில்லாதபோது உழைப்பு போதாது என்ற பேச்சு கடைசிவரை விடவில்லை. அந்த லீகில் 2019-20-ல் 20 கோல்களுக்கு வழி செய்து தியெரி ஒன்ரியின் சாதனையைத் தொட்ட மான்செஸ்டர் சிட்டியின் அன்றைய வீரர் டி பிராய்ன பழைய நம்பர் 10 இடத்தில் நிற்பவரே இல்லை, இன்னும் பின்னாலிருந்து ஓடிவந்து, வலப்பக்கம் ஒதுங்கிப் பந்தை உள்ளே போடுகிறவர். பெரிய அணிகள் பல 4-3-3 அமைப்புக்கு (பின்களத்தில் நால்வர், நடுவில் மூவர், முன்னே மூவர்) மாறியபின் இந்த மாதிரிப் பிள்ளைகளை ஒன்று இப்படிப் பின்னால் இழுக்கிறார்கள், இல்லை மைதானத்தின் ஓரத்துக்கு, விங்குக்குத் தள்ளுகிறார்கள். அதற்குத் தயார்செய்யாமல் நடுவில் ஒரே இடத்தில் நிற்கவைத்துப் பழக்கினால், ஊருக்குத் திரும்பி அணியில் சேரும்போது பிள்ளை திணறும். பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அடுத்த முகாமில் பார்க்கலாம் என்றார்.

மற்றபடி, இரண்டாவது வாரத்தில் கூட்டம் சேர்த்துவிட்டார்கள், வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம். கட்டணம் வாரத்துக்கு நூறு யூரோவைத் தாண்டுகிறது, முதல் வாரத்துக்கு அது தகும், இரண்டாவதுக்குத் தகாது. மதியம் கோழியோ ருகாய் சொசீஸோ (தக்காளியில் சமைத்த சாஸேஜ்) போடுகிறார்கள், சைவம் கேட்டால் வெறும் சோறும் பருப்பும்தான். விரதம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்புங்கள்.

பந்து விளையாடவே இப்போதுதான் தொடங்கும் பிள்ளைக்கு இது வேண்டாம். ஏற்கெனவே ஓர் அணியில் ஆடிக்கொண்டு, பந்து வந்ததும் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை என்றால் தயங்காமல் முதல் வாரத்துக்கு அனுப்புங்கள். பதிவு செய்யும்போதே ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.