கண் அசைவுப் பதிவு: எலக்ட்ரோடை எங்கே ஒட்டுவது?

தூங்காமல் இருப்பவர் எப்போது அயர்கிறார் என்று பார்க்கும் விழிப்புநிலை ஆய்வுகளில் இரவு முழுக்கக் கண் அசைவைப் பதிவு செய்யும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். எலக்ட்ரோடுகளை, அதாவது மின்னழுத்தத்தைப் பதியத் தோலில் ஒட்டும் சிறு உலோகத் தகடுகளை, தூக்க ஆய்வகத்தில் ஒட்டுவதைப் போலவே இங்கேயும் ஒட்டினால் போதாது என்பதுதான் என் முடிவு.

தூக்க ஆய்வக முறையில் இடது கடைக்கண்ணுக்கு 1 செ.மீ. கீழே ஒன்று, வலது கடைக்கண்ணுக்கு 1 செ.மீ. மேலே ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக வலது காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின்மேல் ஒன்று. கண்ணின் முன்பக்கம் விழித்திரையைவிட நேர் மின்னழுத்தம் கொண்டது. எனவே கண் அசைந்தால் திரையில் பதிவாகும் இரண்டு கோடுகளும் எதிரெதிராகப் போகும், மூளை அலை கலந்தால் ஒரே பக்கம் போகும். தூக்கக் கட்டங்களைப் பிரிக்க அருமையான ஏற்பாடு. ஆனால் வலப்பக்கம் பார்த்தாலும் மேலே பார்த்தாலும் கோடுகள் ஒரே மாதிரிதான் வளையும். இமை மூடித் திறக்க எவ்வளவு நேரமாகிறது, விழி எப்போது பக்கவாட்டில் மெதுவாக உருளத் தொடங்குகிறது என்ற இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால்தானே அயர்வைப் பிடிக்க முடியும்?

அதனால் நான்கு ஒட்டுகிறேன். கடைக்கண் இரண்டிலும் ஒரே மட்டத்தில் ஒவ்வொன்று, அப்புறம் ஒரு கண்ணுக்கு மேலும் கீழும் கண்மணிக்கு நேராக ஒவ்வொன்று. ஒட்டியதும் தலையை ஆட்டாமல் இடம் வலம் பார்க்கச் சொல்வேன். அப்போது மேல்-கீழ் கோடு ஏறி இறங்கினால் அந்தச் சோடி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிரித்து மறுபடி ஒட்டிவிடுவது நல்லது.

வெள்ளி-வெள்ளி குளோரைடு வகைதான் எனக்குப் பிடித்தது. மெதுவான அசைவைப் பதியும்போது தங்க முலாம் பூசியதைவிட இதில் கோடு குறைவாக நகரும். ஒரே பதிவில் இரண்டு உலோகங்களைக் கலக்கவே கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஒட்டுப்பட்டைகள் வசதிதான், ஆனால் விடியற்காலைக்குள் கண்ணுக்குக் கீழே உள்ளதன் ஓரம் எழும்பிவிடும். கொட்டாவி விடும்போதெல்லாம் கோடு திரையைத் தாண்டிப் பாயும். கிண்ண எலக்ட்ரோடில் மின்சாரம் கடத்தும் பேஸ்ட் வைத்து, ஒயரைக் கன்னத்தில் ஒரு சுற்று விட்டு டேப் போட்டால் காலைவரை அசையாது. தோலை மென்மையாகத் தேய்த்து மின்தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவருவேன். கண்ணருகே ஸ்பிரிட் பஞ்சை நன்றாகப் பிழிந்து, கண்ணை மூடச் சொன்ன பிறகே துடைக்க வேண்டும்.

மிக மெதுவான அலைகளைக் குறைத்துவிடும் ஃபில்டரையும் கவனியுங்கள். தூக்க ஆய்வகங்களில் கீழ் எல்லை 0.3 ஹெர்ட்ஸ். அதில் மெதுவான உருளல் சுருங்கித் தெரியும் என்பதால் 0.1-க்கு இறக்கிவிடுகிறேன். அப்போது வியர்வையாலும் கோடு அலையும், அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

கண்ணின் இந்த மின்னழுத்தம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். வெளிச்சமான வராந்தாவிலிருந்து மங்கலான அறைக்கு வந்தவரிடம் உடனே அளவுகோல் (கண் எவ்வளவு நகர்ந்தால் கோடு எவ்வளவு வளைகிறது என்ற கணக்கு) எடுத்தால், பிறகு வரும் அசைவுகளின் அளவு அதோடு பொருந்தாது. கண் பழகும்வரை காத்திருந்து எடுங்கள், நடு இரவில் மறுபடியும் ஒன்று எடுங்கள்.