குமிழில் ஒரு சூடு, உள்ளே ஒரு சூடு: வீட்டு ஓவனோடு பல ஆண்டுகள்

மேசை மேல் வைக்கும் சிறிய மின்சார ஓவனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்தேன், கேக் செய்தேன், நன்றாக வந்தது, ஐந்து நட்சத்திரம். அந்த வாரத்தில் எந்த ஓவனும் நன்றாகத்தான் இருக்கும். கதவுக் கண்ணாடியில் பழுப்புப் படலம் ஏறி, குமிழைச் சுற்றி அச்சிட்ட எண்கள் தேய்ந்து, அதன் கோணல் குணமெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன பிறகு அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. என்னுடையது அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, மூன்று குமிழ். ஒன்று சூட்டுக்கு, ஒன்று எந்தக் கம்பி எரிய வேண்டும் என்பதற்கு, ஒன்று நேரத்துக்கு. திரை கிடையாது, தொடு பொத்தான் கிடையாது. இயந்திரமாகப் பார்த்தால் சுமார்தான். ஆனாலும் இன்று பழுதாகி நின்றால், இதேபோல் குமிழ் வைத்த இன்னொன்றைத் தேடிப்பிடித்து வாங்குவேன்.

முதலில் சூடு. குமிழை 180-இல் வைத்தால் உள்ளே 180 டிகிரி அசையாமல் நிற்கும் என்று நினைப்பது இயல்பு. அப்படி நிற்பதில்லை. சூடு ஓரளவு தாண்டியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும். இறங்கியதும் மறுபடி இணைக்கும். இப்படி ஏறி இறங்குவதன் சராசரிதான் குமிழில் எழுதியிருக்கும் எண். அந்தச் சராசரியாவது சரியா என்றால், சிறிய ஓவன்களில் அதுவும் 10, 20 டிகிரி விலகியிருப்பது சாதாரணம். என்னுடையது சொல்வதைவிட 20 டிகிரி கூடுதலாகச் சுடும். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கியதும் இது தெரிந்துவிட்டது. மேலே கருகி நடுவே ஈரமாக நிற்கும் கேக்குக்குக் குறிப்பு எழுதியவரைத் திட்டுவதுதான் உலக வழக்கம். பல வீடுகளில் குற்றவாளி குமிழ்தான்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் சர்க்கரையை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைச் சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரியில். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி, நன்றாகச் சூடேறிய ஓவனில் 175-இல் ஒரு கால் மணி நேரம் வைத்தால் அது அப்படியே இருக்க வேண்டும். 190-இல் வைத்தால் உருக வேண்டும். 175-லேயே குழைந்துவிட்டால் உங்கள் ஓவன் அதிகமாகச் சுடுகிறது. 190-லும் மணல் போலக் கிடந்தால் குறைவாகச் சுடுகிறது. அதற்கேற்பக் குமிழைத் தள்ளி வைத்தால் போதும். எங்கள் ஓவனில் உண்மையான 180 எங்கே இருக்கிறதோ அங்கே மகள் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். அச்சிட்ட எண்கள் அழிந்துபோன பிறகும் அந்தப் புள்ளி அழியவில்லை.

விளக்கு அணைந்தால் ஓவன் தயார் என்பதையும் முழுதாக நம்பத் தேவையில்லை. விளக்கு அணையும்போது உள்ளே காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும். அப்போது கதவைத் திறந்து டின்னை வைத்தால் பாதிச் சூடு வெளியே போய்விடும். விளக்கு அணைந்தபின் ஒரு பத்து நிமிடம் பொறுத்து வைத்தால் சுவரில் ஏறிய சூடு கைகொடுக்கும். கூடவே, எங்கள் ஓவனின் பின்பக்க இடது மூலை மற்ற இடங்களைவிடச் சூடானது. பிஸ்கட் தட்டைப் பாதி நேரத்தில் திருப்பி வைக்காவிட்டால் அந்த மூலையில் இருக்கும் மூன்று பிஸ்கட் கறுத்துவிடும். அந்த மூன்றையும் விரும்பித் தின்ன என் மகன் இருப்பதால் சில நாட்களில் வேண்டுமென்றே திருப்புவதில்லை.

ஓவனைவிட அதிகம் உழைத்திருப்பது ஒரு கிராம் வரை காட்டும் தராசு. கோப்பையால் அளக்கும் குறிப்புகளின் தொல்லை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே கோப்பையில் மைதாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம், அள்ளி அமுக்கினால் 150 கிராம். கேக்கைக் கல்லாக்க இந்த வித்தியாசமே போதும். ரொட்டிக்கு இன்னும் எளிது: மாவை 100 என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் 60 முதல் 65, உப்பு 2, உலர்ந்த ஈஸ்ட் 1. எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று பார்த்து மாவின் எடையை முடிவு செய்தால் மற்றவை தாமாக வந்துவிடும்.

அம்மாவுக்குத் தராசு பிடிக்காது. அவருடைய வெண்ணெய் பிஸ்கட்டை எழுதி வைக்க நான் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. எல்லாமே ‘ஒரு கை’, ‘அரைக் கை’. ஒரு நாள் கிண்ணத்துக்கு அடியில் தராசை வைத்துவிட்டு, “கொஞ்சம் பொறு அம்மா, எண்ணைக் குறித்துக்கொள்கிறேன்” என்று ஒவ்வொரு கைக்கும் நிறுத்தினேன். சலித்துக்கொண்டே போட்டார். ஆனால் ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இரண்டு கிராமுக்கு மேல் மாறவே இல்லை! கைக்கணக்கு என்றால் குத்துமதிப்பு என்று பேசுகிறவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும். அம்மாவின் கை துல்லியமான அளவுதான். அதை இன்னொருவர் கைக்கு மாற்ற முடியாது என்பதே சிக்கல். என் கை அவருடையதைவிடப் பெரியது. அதே பிஸ்கட் எனக்கு ஏன் எப்போதும் வறட்டிக்கொண்டு போனது என்பதற்கு அன்றுதான் விடை கிடைத்தது.

ரொட்டி சுடுவதில் பெரும்பகுதி காத்திருப்பது. மாவைப் பிசைந்து வைத்தால் முதல் முறை உப்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், உருட்டி டின்னில் வைத்தபின் இன்னொரு முக்கால் மணி. அடுப்பங்கரையை விட்டு வெகுதூரம் போகவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அந்த இடைவெளியில்தான் எங்கள் வீட்டில் குரோஷா ஊசி உள்ளே வந்தது. மாமியார் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதலில் பின்னியவை எல்லாம் சூடான டின்னைப் பிடிக்கும் சதுரங்கள். வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று: இதற்குப் பருத்தி நூல்தான். அக்ரிலிக் நூல் வண்ணம் வண்ணமாகக் கிடைக்கும், ஆனால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். தைப்பவர்களும் உள்ளே பாலியஸ்டர் பஞ்சை வைக்காமல் பருத்திப் பஞ்சை வைக்க வேண்டும். எந்தத் துணியாக இருந்தாலும் ஈரமாக இருக்கும்போது டின்னைத் தொடக்கூடாது. ஈரத்தின் வழியாகச் சூடு மிக வேகமாகக் கைக்கு ஏறும்.

கடையில் வாங்கிய சிலிக்கான் கையுறை இரண்டாம் ஆண்டிலேயே பரணுக்குப் போய்விட்டது. தடித்துப் போய் விரல் மடங்காது, வெண்ணெய் பட்டால் வழுக்கும். சதுரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. யார் பின்னியது என்று அவற்றில் பெயர் எழுதத் தேவையில்லை. மாமியார் பின்னியதில் ஊசி முனையும் நுழையாது, அவ்வளவு இறுக்கம். மகள் பின்னியது நான்கு சலவைக்குள் இழுத்துக்கொண்டு நீள்சதுரமாகிவிடும். என்னுடையதில் ஒரு ஓரம் மட்டும் எப்போதும் சுருங்கும், வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடும் பழக்கத்தால். கண் மங்கிய பிறகு மாமியார் மெல்லிய ஊசியை விட்டு 5 மில்லிமீட்டர் ஊசிக்கும் தடித்த நூலுக்கும் மாறினார். அவர் அப்படிப் பின்னியவைதான் சூட்டைச் சிறப்பாகத் தாங்குகின்றன. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களும் அந்த ஊசியிலேயே தொடங்கலாம் என்பது என் கட்சி.

ஓவன் செய்த இரண்டாம் வேலை, நான் எதிர்பாராதது, உப்பு மாவைக் காயவைப்பது. இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு பொடியுப்பு, ஏறத்தாழ ஒரு பங்கு தண்ணீர். பிசைந்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் தட்டி, குழந்தையின் உள்ளங்கையை அதில் அழுத்தி எடுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பல் குச்சியால் ஆண்டைக் கீறிவிட வேண்டும், காய்ந்த பிறகு கீறினால் உடையும். 100 டிகிரியில், அல்லது அதற்கும் கீழே, மூன்று நான்கு மணி நேரம். அவசரப்பட்டு 150-க்கு ஏற்றினால் உப்பிக் கொப்புளம் கட்டி உள்ளங்கை ரேகையெல்லாம் மறைந்துவிடும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று என்று இரண்டு குழந்தைகளுக்கும் செய்து வந்தோம்.

நீண்ட காலம் வைத்திருந்தால்தான் தெரியும் குறை ஒன்று இதில் உண்டு. உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலம் முழுக்கச் சுவரில் தொங்கிய முதல் இரண்டு கைகளும் பின்பக்கம் பிசுபிசுத்து, ஒன்றின் சுண்டுவிரல் உதிர்ந்தேவிட்டது. ஒட்டி வைத்திருக்கிறோம். முன்பக்கம் மட்டும் வார்னிஷ் பூசினால் போதாது; பின்பக்கம், ஓரம், தொங்கவிடும் துளையின் உட்புறம் வரை இரண்டு பூச்சு வேண்டும். அப்படிப் பூசியவை இன்றுவரை மொறுமொறுப்பாக இருக்கின்றன. நாய் வளர்க்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், அதிலுள்ள உப்பு நாய்க்கு நஞ்சு.

மகன் கொஞ்சம் வளர்ந்த பிறகு, “நான் என்ன குழந்தையா?” என்று கையைத் தர மறுத்தான். அந்த ஆண்டுக்கான இடம் சுவரில் காலியாக இருந்தது. மூன்று மாதம் கழித்து, ரொட்டி எடுத்தபின் ஓவன் இன்னும் சூடாக இருந்த ஒரு சாயங்காலம், அவனே மாவு பிசைந்து கையைப் பதித்து, தேதியை மட்டும் பழைய பிறந்தநாளாகக் கீறி வைத்துவிட்டான். போலி ஆவணம். மாட்டி வைத்திருக்கிறோம்.

பாலிமர் களிமண்ணையும் சோதித்தோம். அதற்கு 110 முதல் 130 டிகிரி போதும். அது ஒருவகைப் பிளாஸ்டிக், சூடு கூடினால் கெட்ட புகை வரும். குமிழை நம்ப முடியாத ஓவனில், உணவு சுடும் அதே பெட்டிக்குள் அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. தனி ஓவன் இருப்பவர்கள் செய்யட்டும்.

தேய்மானக் கணக்குக்கு வருகிறேன். ஓவனோடு வந்த மெல்லிய தட்டு சூட்டில் ‘டப்’ என்று முறுக்கிக்கொள்ளும், பிஸ்கட் ஒரு பக்கம் சரியும். முதல் ஆண்டிலேயே மாற்றிவிட்டோம். கறுப்பு ஒட்டாத் தட்டுகள் அடியைச் சீக்கிரம் கருக்குகின்றன, பூச்சும் உரிகிறது. தடித்த, வெளிர் நிற அலுமினியத் தட்டே மேல். கதவு வில் ஒரு முறை தளர்ந்தது. பார்க்க வந்தவர் கதவையே மாற்ற வேண்டும் என்றார். வில்லை மட்டும் மாற்றினால் போதும் என்று வேறொருவர் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். நேரக் குமிழின் மணி இப்போது இருமுவதுபோல் ஒலிக்கிறது. கம்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேக்கிங் பவுடர் திறந்து வைத்தால் நாளாக ஆக வீரியம் இழக்கும். ஒரு தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், உடனே நுரைக்காவிட்டால் அதை மாற்றிவிடலாம். இந்தப் பொடிக்கே ஒரு வீட்டுக் கதை உண்டு. 1843-இல் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இதை உருவாக்கியது, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்கு ரொட்டி செய்வதற்காக. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு முட்டை சேர்க்காத கஸ்டர்டு பொடியைச் செய்ததும் அவருக்காகவே.

இவ்வளவையும் எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம்தான் இந்த வீட்டில் அதிகம் கறை பட்ட பொருள். ஜெல் பேனாவில் எழுதிய பக்கங்களில் பால் சிந்தி எழுத்து கரைந்துவிட்டது. பென்சிலில் எழுதியவை வெண்ணெய்க் கறைக்கு அடியிலும் படிக்க முடிகிறது. அளவோடு, யார் என்ன சொன்னார்கள் என்பதையும் ஒரு வரி எழுதுவது வழக்கம். “பாதியில் மின்சாரம் போயிற்று. கரண்டியால் அள்ளித் தின்றோம்” என்று அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி. அப்பா இருந்தவரை வாழைப்பழக் கேக்கின் பக்கத்தில், “அப்பாவுக்குத் தனியாக, சர்க்கரை 60” என்று எழுதியிருக்கும். 120 கிராம் போட்டு நாங்கள் தின்ற கேக்கை இப்போது யாரும் செய்வதில்லை. எல்லோருக்கும் 60-தான் பழகிவிட்டது. மகள் புதிதாக எழுதும் பக்கங்களில் ‘தனியாக’ என்ற சொல் இல்லை.

இனி வாங்குகிறவர்களுக்கு. லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கடைக்கு ஓர் அளவு நாடா எடுத்துப் போய், கம்பித் தட்டைக் கீழ்ப்பள்ளத்தில் வைத்து, அங்கிருந்து மேல்கம்பி வரை எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். ரொட்டி டின்னின் உயரமும் அதற்கு மேல் மாவு உப்பும் உயரமும் சேர்ந்தாலும், கம்பிக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் எத்தனை லிட்டர் என்று எழுதியிருந்தாலும் அந்த ஓவன் பிஸ்கட்டுக்கு மட்டுமே உதவும்.