வத்தல்மலை, ஏற்காடு பக்கம் காபி போட்டிருப்பவர்கள் கவனத்துக்கு: மூட்டை ஏற்றினோம், 1,86,000 ரூபாய் போச்சு

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி வத்தல்மலையில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. இந்த வருஷம் அதில் எடுத்த 8 மூட்டை பார்ச்மென்ட், அதாவது உமி நீக்காமல் காய வைத்த காபிக் கொட்டை, 50 கிலோ மூட்டை, ஆக 400 கிலோ. கிலோ 620 ரூபாய் என்று பேசி ஒருவன் ஏற்றிக்கொண்டு போனான். 62,000 முன்பணம் கொடுத்தான். மீதி 1,86,000 ரூபாய் வராது என்று நேற்று சாயங்காலம் வாட்ஸாப்பில் ஒற்றை வரியில் முடிவாகச் சொல்லிவிட்டான்.

ஆள் பெயரையும் செயலியின் பெயரையும் இங்கே எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அடையாளம் மட்டும் சொல்கிறேன். விவசாயியையும் காபி வறுத்து விற்பவர்களையும் இடைத்தரகர் இல்லாமல் சேர்த்து வைக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு செயலி. அதில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக் போட்ட கொள்முதல்காரன். பெங்களூரில் சொந்தமாகக் காபி வறுக்கும் ரோஸ்டரி என்று சொல்லிக்கொள்வான், தமிழ் நன்றாகப் பேசுவான்.

ஸ்பெஷாலிட்டி காபி, அதாவது தரம் பார்த்துக் கூடுதல் விலைக்கு வாங்குகிற காபி, என்று பேச எளிதாக இருக்கிறது. 400 கிலோ பார்ச்மென்ட் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 2,000 கிலோ பழம் பறிக்க வேண்டும். அதுவும் நன்றாகச் சிவந்த பழம் மட்டும். சாதாரண விற்பனைக்கு என்றால் கொத்தோடு உருவிப் போட்டுவிடலாம், இதற்கு அதே செடிக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும். பறிக்கிறவர்களுக்குக் கூலியும் கூடுதல். பறித்த அன்றே தண்ணீரில் கொட்டி, மிதக்கிற பழத்தைத் தள்ளிவிட்டு, ராத்திரிக்குள் தோல் நீக்கும் பல்ப்பரில் அடித்தாக வேண்டும், விட்டால் புளித்துவிடும். நாங்கள் செய்தது ஹனி முறை, அதாவது தோல் நீக்கிய பிறகு அந்த வழவழப்பைக் கழுவாமல் அப்படியே காய வைப்பது. களத்தில் கொட்டினால் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அப்பா வலையடித்த கட்டில் கட்டியிருந்தார். மார்கழி, தை மாதத்தில் எங்கள் மலையில் பனி எப்படி இறங்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அம்மா பகல் முழுக்கக் கையால் கிளறிவிட்டுக்கொண்டே இருப்பார், பொழுது சாய்ந்ததும் மூடி, காலையில் வெயில் ஏறிய பிறகுதான் திறப்பார். அந்த உழைப்புக்குத்தான் 1,86,000 பாக்கி.

இது போக வெள்ளைத் தண்டு துளைப்பான். அராபிகா ரகக் காபி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பூச்சியைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். செடி பச்சையாகத்தான் நிற்கும், ஒரு நாள் இலை மஞ்சளாகி வாடும், தண்டைப் பிளந்தால் உள்ளே சுரங்கம் போட்டிருக்கும். மருந்தடித்து மீட்க முடியாது, பிடுங்கிக் கொளுத்த வேண்டியதுதான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும் வண்டு பறக்கும் என்பதால் அதற்கு முன்னால் தண்டின் மேல்பட்டையைத் தேய்த்துவிட வேண்டும், நிழலும் குறையக்கூடாது. அப்படிப் போன செடிகளுக்குப் பதிலாக இந்த மழைக்கு நாற்று நட வைத்திருந்த பணம்தான் அவன் கையில் மாட்டியிருக்கிறது.

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியதிலிருந்து புதுப்புது ஆட்கள் மலை ஏறி வருகிறார்கள். கீழே வழக்கமாக வாங்கும் வியாபாரி தரத்தையெல்லாம் பார்க்க மாட்டார், எல்லாவற்றுக்கும் ஒரே விலை, ஆனால் எடை போட்டதும் பணம் எண்ணிக் கொடுத்துவிடுவார். இவன் அவரைவிடக் கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கூடச் சொன்னான்.

அவன் வந்த நாளைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவன் பேசியது எதுவும் ஏமாற்றுக்காரன் பேச்சாக இல்லை. முதலில் தோட்டத்துக்குள் போனான். சில்வர் ஓக் நிழலைப் பார்த்து, மிளகுக் கொடி எந்த வருஷம் வைத்தது என்று கேட்டான். கட்டிலில் காய்ந்துகொண்டிருந்த பார்ச்மென்ட்டை ஒரு கை அள்ளி முகர்ந்தான், உமியை நகத்தால் உரித்து உள்ளே பருப்பின் நிறத்தைப் பார்த்தான். காய்ந்து மூட்டை கட்டி வைத்திருந்ததையும் ஒவ்வொன்றாக அவிழ்க்கச் சொல்லி, தன்னுடைய ஈரப்பதமானியை எடுத்து அளந்தான். 10.8 சதவீதம் காட்டியது. "அப்பா, இந்தப் பக்கத்துல இவ்ளோ சரியா காயவெச்ச காபிய நான் பார்த்ததில்ல" என்றான். எங்கள் அப்பாவைத்தான் அப்பா என்று கூப்பிட்டான். மார்க்கரை வாங்கி மூட்டைமேல் 10.8 என்று அவனே எழுதி, கீழே தேதியும் போட்டான். அம்மா கொடுத்த களியை உட்கார்ந்து சாப்பிட்டான். மாதிரிக்கு ஒரு கவர் எடுத்துக்கொண்டு போனான், ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு "84 வந்திருக்கு, மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேன், வேற யாருக்கும் காட்டாதீங்க" என்றான். காபியைச் சுவைத்துப் பார்த்துப் போடும் ஸ்கோர் அது, 100க்கு 80ஆவது வந்தால்தான் ஸ்பெஷாலிட்டி, அதனால் 84 என்று கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முன்பணம் செயலி வழியாகவே வந்தது. மீதி, சரக்கு இறங்கிய பத்து நாளில் என்றான். வண்டி அனுப்பினான், ஏற்றினோம்.

பத்து நாள் முடிந்ததும் கணக்குப் பிள்ளை லீவு என்றான். அப்புறம் வெளிநாட்டுப் பார்ட்டி பணம் போடவில்லை. அப்புறம் லேப் ரிப்போர்ட் வரட்டும். அப்புறம் போனையே எடுக்கவில்லை. அண்ணன் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: ஈரப்பதம் 13.4, ஸ்கோர் 78, இதை ஸ்பெஷாலிட்டி என்று விற்க முடியாது, கொடுத்த முன்பணமே அதிகம். மூட்டைமேல் நீங்களே எழுதிய 10.8 என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "அது ஃபீல்டு ரீடிங் பிரதர், கணக்குல வராது" என்றான். பார்ச்மென்ட் ஈரத்தை இழுக்கும். ஓதமான குடோனில் போட்டால் ஏறத்தான் செய்யும். அவன் சொல்கிற 13.4 நிஜமாகவே இருந்தாலும் அது அவன் இடத்தில் ஏறிய ஈரம். வீட்டுக்கென்று நாங்கள் எடுத்து வைத்திருந்த அதே சரக்கைத் தெரிந்தவர் ஒருவருடைய கியூரிங் மில்லில் (உமி நீக்கித் தரம் பிரிக்கும் ஆலை) கொடுத்து அளந்தோம், 11.1. அதையும் ஒத்துக்கொள்ளவில்லை, சீல் இல்லாத மாதிரி செல்லாதாம்.

சரி, பிடிக்கவில்லை என்றால் மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள், முன்பணத்தைத் தந்துவிடுகிறோம் என்றார் அப்பா. அதற்கு வாட்ஸாப்பில் என்ன பதில் வந்தது தெரியுமா? "அதெல்லாம் உமி எடுத்து வறுத்து வித்தாச்சு." 78 ஸ்கோர், 13.4 ஈரம், விற்கவே லாயக்கில்லை என்று சொன்ன காபியை எப்படி வறுத்து விற்றான்? இதைப் படித்த நிமிஷத்திலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

செயலிக்காரர்கள் அவனுக்கு மேல். முதலில் பேசியது எந்திரம், அது கொடுத்தது ஒரு புகார் எண். அப்புறம் ஒரு பெண் பேசி, முன்பணம் மட்டும்தான் எங்கள் வழியாக நடந்தது, மீதி உங்கள் இருவருக்குள் என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார். அந்தப் பச்சை டிக் எதற்கு என்று கேட்டால் அது ஆதாரும் வங்கிக் கணக்கும் சரிபார்த்ததற்காம். காவல் நிலையத்தில் இது கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவிலில் பாருங்கள் என்றார்கள். நுகர்வோர் நீதிமன்றம் பொருளை வாங்கியவர்களுக்கு, விற்ற எங்களுக்கு அங்கே இடமில்லை. கடைசியில் தருமபுரியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள், 1987ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. மலையில் பலருக்கும் இது தெரியாது. இப்போது 1,86,000 ரூபாய்க்கு நோட்டீஸ் தயாராகிறது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை, அவசரமாக இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முழுப் பணமும் கணக்கில் ஏறாமல் மூட்டையை வண்டியில் ஏற்றாதீர்கள். அவன் மாதிரி எடுக்கும்போதே அதே சரக்கில் மூன்று கவர் போட்டு, மூன்றையும் சீல் வைத்து அவன் கையெழுத்து வாங்குங்கள், ஒன்று அவனுக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று பொதுவான ஆளிடம். மானியில் என்ன காட்டுகிறது என்பதை அவன் முகம் தெரிய வீடியோ எடுங்கள். ஸ்கோர் என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், பெங்களூரில் காபி வாரியத்தின் தரப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டி அங்கே கொடுத்து அறிக்கை வாங்கலாம். தரம் குறைந்தால் என்ன விலை, எத்தனை நாளைக்குள் சொல்ல வேண்டும், சரக்கைத் திருப்புவது யார் செலவில் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேறு யாருக்கும் காட்டாதீர்கள் என்று சொன்னால் கட்டாயம் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

கொல்லிமலை, ஏற்காடு, ஜவ்வாதுமலைப் பக்கம் யாரிடமாவது இப்படி ஒருவன் அப்பா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஈரப்பதமானியோடு வந்திருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள், செயலியின் பெயரையும் அவன் நம்பரையும் தருகிறேன். ஏற்கனவே சரக்கு கொடுத்துப் பணம் வராதவர்கள் இருந்தால் பில், வாட்ஸாப் பேச்சு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது, அதற்கு முன்னால் சொன்னால் உங்கள் தொகையையும் சேர்த்துக் கேட்க முடியுமா என்று வக்கீலிடம் பேசுகிறேன்.