டிஃபெண்டர், குயிக் ஹீல், காஸ்பர்ஸ்கி: ஃபோல்டரை விட்டுவைக்கச் சொல்றதுல எது தோது?

மண்டபத்துல மீன் கம்பெனி, பாம்பன்ல ஐஸ் கம்பெனி, கீழக்கரைல டிராவல்ஸ்னு எந்த ஆபீஸ் சிஸ்டத்துல கைய வச்சாலும் கேள்வி ஒண்ணுதான். "தம்பி, ஆன்டிவைரஸ் நம்ம கணக்கு ஃபைலையே போட்டு நோண்டிக்கிட்டு இருக்கு, அந்த ஃபோல்டர் பக்கமே போகாதன்னு சொல்ல முடியாதா?" தாராளமா சொல்லலாம், எல்லாத்துலயும் அதுக்கு இடம் இருக்கு, எக்ஸ்க்ளூஷன்னு பேரு. ஆனா வலை தானா கிழிஞ்சாலும் நாமளே கத்தி வச்சுக் கிழிச்சாலும் மீனுக்கு ஒண்ணுதான்ல, அதனால நான் பாக்குறது எதுல சுலபமா போடலாம்னு இல்ல, எதுல ஓட்டைய சின்னதா வச்சுக்கலாம்னுதான்.

முதல்ல டிஃபெண்டர். விண்டோஸோடவே வருது, காசு கிடையாது, நம்ம ஊர்ல பாதி சிஸ்டத்துல இதான் ஓடுது. விண்டோஸ் செக்யூரிட்டி, அதுல வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அப்படியே கீழ இறங்கினா எக்ஸ்க்ளூஷன்ஸ். ஆட் பட்டனை அமுக்குனா ஃபைல், ஃபோல்டர், ஃபைல் டைப், பிராசஸ்னு நாலு கேக்கும். இந்த நாலும் ஒண்ணு கிடையாது, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஃபைல்னா அந்த ஒரு ஃபைல் மட்டும். ஃபோல்டர்னா அதுக்குள்ள இருக்குற சப்ஃபோல்டர் எல்லாமும் சேத்துதான், வேணாம்னு டிக் எடுக்க வழியே இல்ல. ஃபைல் டைப்னா ஃபைல் பேருக்கு கடைசில புள்ளி வச்சு வர்ற அந்த எக்ஸ்டென்ஷன் சிஸ்டத்துல எந்த மூலைல இருந்தாலும் விட்ரும், அதுல போய் இஎக்ஸ்இன்னு, அதாவது புரோகிராம் ஃபைலோட எக்ஸ்டென்ஷனைப் போட்டா ஆன்டிவைரஸை எடுத்து பரண்ல போட்ட மாதிரிதான்.

பிராசஸ், அதாவது ஓடிக்கிட்டு இருக்குற புரோகிராம், அதுதான் கொஞ்சம் நின்னு பாக்க வேண்டியது. டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேரோட இஎக்ஸ்இய பிராசஸா போட்டா, டேலி திறக்குற ஃபைலை எல்லாம் உடனுக்குடன் ஸ்கேன் பண்றத டிஃபெண்டர் நிப்பாட்டிரும், ஆனா அந்த இஎக்ஸ்இய ஸ்கேன் பண்ணிக்கிட்டுதான் இருக்கும், நீங்க ராத்திரி முழு ஸ்கேன் விட்டா டேட்டா ஃபைலும் அதுல வந்துரும். கணக்கு எழுதுற நேரத்துல இழுக்காது, மத்த நேரத்துல காவலும் இருக்கும், எனக்கு புடிச்சதே இதான். ஒரு கண்டிஷன், வெறும் பேரை மட்டும் டைப் பண்ணி விட்றக் கூடாது, சி டிரைவ்ல இருந்து முழு பாத்தும் குடுக்கணும். பேரை மட்டும் குடுத்தா அதே பேர்ல பென்டிரைவ்ல ஒரு திருட்டு இஎக்ஸ்இ வந்தாலும் அதுக்கும் அந்த சலுகை கிடைச்சிரும்.

டிஃபெண்டர்ல எனக்கு இருக்குற குறை பாஸ்வேர்டு. எக்ஸ்க்ளூஷன் லிஸ்டுக்குன்னு தனி பூட்டு கிடையாது, அட்மின் உரிமை இருந்தா யாரும் சேக்கலாம், வைரஸே அட்மின் உரிமைய வாங்கிட்டு தன்னோட ஃபோல்டரை அந்த லிஸ்ட்ல எழுதிக்கிறது ரொம்ப நாளா நடக்குற வேலை. அதனால பில் போடுற பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு அக்கவுண்ட்தான் குடுக்கணும். மொதலாளிக்கும் அதே குடுங்கன்னு சொல்லுவேன், ஆனா யாரு கேக்குறா.

குயிக் ஹீல் புனே கம்பெனி, நம்ம பக்கம் கடைல பாக்ஸாவே கிடைக்கும். இதுல எக்ஸ்க்ளூட் ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்னு இருக்கு, டிஃபெண்டரை விட இது மேல எங்கன்னா, ஃபோல்டர் குடுக்கும்போது சப்ஃபோல்டரையும் சேக்கவான்னு தனியா கேக்கும், அப்புறம் எந்த சோதனைல இருந்து விலக்கணும்னும் கேக்கும். தெரிஞ்ச வைரஸ் தேடுறது ஒண்ணு, டிஎன்ஏ ஸ்கேன்னு தெரியாத புது வைரஸைத் தேடுறது ஒண்ணு, நடத்தைய வச்சு சந்தேகப்படுறது ஒண்ணு, இப்படி. லோக்கல்ல ஒரு பையன் எழுதிக்குடுத்த ஏல பில்லிங் சாஃப்ட்வேரை எல்லாம் பெரும்பாலும் சந்தேகத்துலதான் புடிக்கும், அப்ப அந்த சந்தேக டிக்கை மட்டும் போட்டுட்டு தெரிஞ்ச வைரஸ் தேடுறத அப்படியே விட்றலாம். ஆனா எல்லா டிக்கையும் போட்டு ஓகே அமுக்குறதுதான் நடக்குது. செட்டிங்ஸுக்கு பாஸ்வேர்டு போடவும் வசதி இருக்கு.

காஸ்பர்ஸ்கி இதுல இன்னும் நுணுக்கம். எந்த ஃபைல், எந்த பேர்ல வர்ற எச்சரிக்கை, எந்த காவல் பகுதின்னு மூணையும் சேத்து ஒரே ரூலா போடலாம், ஃபைலோட கைரேகை மாதிரி இருக்குற ஹாஷை வச்சுக்கூட போடலாம், ஹாஷ்ல போட்டா அந்த ஃபைல் துளி மாறினாலும் விலக்கு செல்லாது, பாதுகாப்புக்கு நல்லது, அப்டேட் வந்தா திரும்ப உங்களுக்கு போன் வரும். ரூலை அழிக்காமலே இன்ஆக்டிவ்னு வைக்கலாம், இது நான் ரசிச்ச விஷயம். ஆனா இவ்ளோ நுணுக்கம் கடைக்காரருக்கு எதுக்கு? பாத்துக்க ஆள் இருக்குற ஆபீஸ்னா சரி. அவாஸ்ட்ல எக்ஸப்ஷன்ஸ்னு ஒரு இடம், பாத்தைக் குடுத்தா முடிஞ்சுது, அவ்ளோதான் அதைப் பத்தி.

எந்த பிராண்டா இருந்தாலும் டவுன்லோட்ஸ், டெம்ப், டெஸ்க்டாப், பென்டிரைவ் லெட்டர் இதெல்லாம் லிஸ்ட்டுக்குள்ள வரவே கூடாது. கீழக்கரைல ஒரு காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க), பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாம் பென்டிரைவ்லதான் வருது, ஈ டிரைவையே விட்ரச் சொல்லுன்னு நின்னாரு.

"காக்கா, இன்னைக்கு ஈன்னா உங்க பென்டிரைவ், நாளைக்கு வர்ற பார்ட்டி செருகுறதும் ஈதானே?"

"அட, அதுக்கும் சேத்து வாசலைத் திறந்து வைக்கவா சொல்றேன், வேணாம்ப்பா" அப்படின்னுட்டாரு.

கிராக் போட்ட ஃபோட்டோஷாப்புக்கு விலக்கு கேக்குற ஸ்டுடியோக்காரங்களுக்கும் என் பதில் இல்லைதான், அந்த கிராக் ஃபைல் சுத்தமா இருக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல.

நடுவுல ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிர்றேன். வேற ஆன்டிவைரஸ் போட்டதும் டிஃபெண்டர் ஒதுங்கிரும், அதுல நீங்க போட்ட லிஸ்ட் புதுசுக்கு தானா போகாது. அப்புறம் லைசென்ஸ் முடிஞ்சு டிஃபெண்டர் திரும்ப வேலைய எடுத்துக்கிட்டா, அந்த புதுசுல போட்ட லிஸ்ட் டிஃபெண்டருக்கும் தெரியாது, திடீர்னு கணக்கு இழுக்குதுன்னு போன் வந்தா நான் முதல்ல பாக்குறது இதத்தான்.

அப்ப எது? ஒரு டேலி, ஒரு பிரிண்டர் இருக்குற மீன் கம்பெனிக்கு டிஃபெண்டர், முழு பாத்தோட பிராசஸ், போதும், காசு குடுக்க வேண்டியதே இல்ல. ஊரே பென்டிரைவ் செருகுற ஜெராக்ஸ் கடைக்கும், லோக்கல் சாஃப்ட்வேர் ஓடுற இடத்துக்கும் குயிக் ஹீல், அந்த டிக்குக்காகவும் பாஸ்வேர்டுக்காகவும். நாலஞ்சு சிஸ்டம், தனியா ஒரு ஆள்னா காஸ்பர்ஸ்கி.

போட்டது வேலை செய்யுதான்னு பாக்க ஈக்கார் டெஸ்ட் ஃபைல் இருக்கு, 68 எழுத்து, ஒண்ணும் பண்ணாது, ஆன்டிவைரஸ் எல்லாம் அதைப் பாத்தா கத்தணும்னு வச்சிருக்குற ஃபைல். விலக்குன ஃபோல்டர்ல போட்டா கப்சிப்னு இருக்கணும், வெளிய டெஸ்க்டாப்புல போட்டா கத்தணும். பிராசஸ் விலக்கை இப்படி பாக்க முடியாது, ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும்தான்.

லிஸ்டை சரிபாக்க நம்ம கடற்கரைக்கு நல்ல நேரம் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கரைலதான், கணக்கு செக்ஷன்லயும் ஆள் சும்மா இருப்பாங்க, உக்காந்து ஒவ்வொரு லைனா இது எதுக்குப் போட்டதுன்னு கேக்கலாம். பதில் வராத லைனை எடுத்துருங்க. ஏற்கனவே ஆன்டிவைரஸ் புடிச்சு அடைச்சு வைக்கிற குவாரண்டைன்ல போன ஃபைல் இருந்தா விலக்கு போட்டதும் அது தானா திரும்பி வராது. முதல்ல விலக்கைப் போட்டுட்டு அப்புறம் ரிஸ்டோர் குடுங்க, மாத்திச் செஞ்சா வந்த வேகத்துல திரும்ப புடிச்சிரும்.