காய் செடியில் இருக்கும்போதே விற்றுவிடுகிறோம்: ஐந்து வருஷ வாட்ஸ்அப் குழு அனுபவம்

வேலூரை ஒட்டிய காட்பாடியில் நானும் என் மனைவியும் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறோம். மதியச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரியாணி. 2020 ஊரடங்கில் காய் கிடைக்காமல் திண்டாடியபோது, அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிகள் சிலரையும் எங்கள் தெருக்காரர்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். ஊரடங்கு முடிந்தால் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இப்போது 11 விவசாயிகள், என்னைப் போல 4 கடைக்காரர்கள், 70 வீடுகள். நம் ஊரிலும் இப்படி ஆரம்பிக்கலாமா என்று பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் வருஷம் எங்களுக்கே புரியாத ஒன்றை இலவம்பாடி அண்ணன் ஒருவர் புரியவைத்தார். "காயி செடியில கீற வரைக்கும்தான் தம்பி என்னுது. பறிச்சிட்டா, மண்டியில சொல்றதுதான் வெல." பறிப்புக் கூலி கொடுத்து, வண்டி வாடகை கொடுத்து, மண்டியில் இறக்கிய பிறகுதான் அவருக்கு விலையே தெரியும். கட்டுப்படி ஆகவில்லை என்று திருப்பி எடுத்துப் போகவும் முடியாது. எங்கள் குழுவில் உருப்படியாக நடந்தது ஒன்றுதான்: விற்பனையைப் பறிப்புக்கு முந்தைய நாளுக்கு நகர்த்தினோம்.

வாரத்தில் இரண்டு நாள் காய் வரும். முந்தைய நாள் மாலை 4 மணிக்குள் எந்தக் காய் எவ்வளவு தேறும் என்று விவசாயிகள் குரல் பதிவு அனுப்புவார்கள். வீடுகளும் கடைகளும் ஆன்லைன் படிவத்தில் 8 மணிக்குள் அளவைக் குறிக்க வேண்டும். கணக்கைக் கூட்டி, ஒவ்வொரு விவசாயிக்கும் நான் குரலிலேயே சொல்லிவிடுவேன். காத்தால அந்த அளவுதான் பறிப்பார்கள். மிச்சம் செடியில் இருக்கும்.

ஆனால் எல்லாக் காயும் காத்திருக்காது. முள்ளு கத்திரி இரண்டு நாள் பொறுக்கும். வெண்டை ஒருநாள் விட்டால் முற்றிவிடும். அதனால் வெண்டை போடுகிறவர்கள் பாதியை மட்டும் எங்களுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை டோல்கேட் உழவர் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். குழுவை மட்டும் நம்பிப் பயிர் வைக்காதீர்கள் என்று நாங்களே சொல்லியிருக்கிறோம்.

அந்த முள்ளு கத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. இலவம்பாடிப் பக்கத்துக்கே உரிய ரகம் அது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த வட்டாரத்துக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அப்புறம் எந்தக் கத்திரியைப் பார்த்தாலும் இலவம்பாடி என்று சொல்லி விற்கிறார்கள். எங்களுக்கு வரும் காய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்க்கு வேறு காயை நான் இப்போது வாங்குவதே இல்லை. காம்பு முள் பக்கத்துக் காயைக் குத்திவிடும் என்பதால் மூட்டையில் அடைக்காமல் கூடையில் பரப்பித்தான் அனுப்புகிறார்கள்.

நடுவில் ஒரு நிறுவனத்தின் செயலிக்கும் மாறிப் பார்த்தோம். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் விவசாயி தரம், எடை, படம் எல்லாம் தானே ஏற்ற வேண்டும். பணம் 15 நாள் கழித்துத்தான் வரும். ஒருநாள் சேவையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேருடைய பணம் கடைசிவரை வரவில்லை. அதிலிருந்து பணம் யார் கையிலும் தங்கக்கூடாது என்று முடிவு செய்தோம். என்னிடம்கூட வராது. வாங்குகிறவர் அன்றைக்கே யுபிஐயில் விவசாயிக்கு நேராகப் போட்டுவிட வேண்டும்.

இதிலும் ஒரு குறை இருந்ததை ஒரு வருஷம் நாங்கள் கவனிக்கவில்லை. கீரை அனுப்பும் அம்மா ஒருவருடைய போனும் வங்கிக் கணக்கும் மகன் பெயரில் இருந்தன. உழைப்பு அந்த அம்மாவுடையது, பணம் போனது மகனுக்கு. அவரே ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது மனது மிகவும் கஷ்டப்பட்டது. இப்போது அவருக்கு மட்டும் ரொக்கமாகக் கொடுத்தனுப்புகிறோம். குழு ஆரம்பிக்கிறவர்கள், பணம் யார் கணக்கில் விழுகிறது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

விலைதான் அதிகம் பேச வேண்டிய விஷயம். முதலில் உழவர் சந்தைப் பலகை விலையையே தினமும் வைத்துக்கொண்டோம். ஏறும்போது வீட்டுக்காரர்களுக்கு வருத்தம், இறங்கும்போது விவசாயிகளுக்கு வருத்தம். அப்புறம் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசி, அந்த மாதத்துக்கு ஒரே விலை என்று வைத்தோம். தமிழக அரசின் உழவன் செயலியில் வரும் சந்தை விலையைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்போம். 2023 ஜூன் மாதத்துக்குத் தக்காளி கிலோ 30 ரூபாய் என்று பேசியிருந்தோம். கடைசி வாரத்தில் வெளியே விலை கிடுகிடுவென ஏறியது; ஜூலையில் 100 ரூபாயையும் தாண்டியது. ஆனாலும் ஜூன் முடியும்வரை 30 ரூபாய்க்கே தக்காளி வந்தது. யாரும் கேட்காமலே பல வீடுகளில் கூடுதலாகப் பணம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது இரண்டு வாரம் வண்டி வரவில்லை. முந்தின நாளே தெரிந்ததால், இருந்த பருப்பையும் வெங்காயத்தையும் வைத்து மறுநாள் சமையலைத் திட்டமிட முடிந்தது. மண்டியை நம்பியிருந்தால் காலை 6 மணிக்குத்தான் தெரிந்திருக்கும்.

இன்னும் சரியாகாத ஒன்று இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள், பக்கத்து லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கால் கிலோ, எங்கள் குறைந்த அளவு ஒரு கிலோ. படிவமும் தமிழில் மட்டும்தான் இருக்கிறது. லாட்ஜ் ஒன்றின் மேலாளரிடம் பேசியிருக்கிறேன். எல்லா அறைகளுக்கும் சேர்த்து அவர் ஒரே கணக்காகச் சொல்வதாக ஒத்துக்கொண்டார். வங்காளியில் காய்ப்பட்டியல் எழுதித் தர அங்கே தங்கியிருக்கும் ஒரு பெண் முன்வந்திருக்கிறார். அடுத்த பறிப்புக்கு அந்தப் பட்டியல் தயாராகிவிடும்.