உத்தரவாத சர்வீஸுக்கு முன் எதைக் கழற்றுவது, எதை விட்டுவைப்பது

புதுக் காரில் ஆசைப்பட்டதையெல்லாம் பொருத்திவிட்டு, சர்வீஸ் நாள் நெருங்கும்போது அவற்றைக் கழற்றிப் பழைய கோலத்துக்குக் கொண்டுவருவது மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் பலருக்குப் பழகிப்போன வேலை. ஈப்போவில் சனிக்கிழமை காலை முன்பதிவு என்றால், வெள்ளிக்கிழமை மாலை வீட்டு முற்றத்தில் ஜாக்கி ஏறிவிடும். என் காருக்கு ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். இப்போது கடைசி ஆண்டு ஓடுகிறது. இத்தனை காலமும் பொருத்தியும் கழற்றியும் பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. எதை நம் கையாலேயே, ஒரு கம்பியையும் வெட்டாமல், ஒரு துளையும் போடாமல், ஒரு மாலைப்பொழுதுக்குள் கழற்ற முடிகிறதோ, அதை மட்டும்தான் உத்தரவாதக் காலத்தில் பொருத்த வேண்டும். மற்றதற்குப் பொறுத்திருக்கலாம்.

கழற்றுவது ஏமாற்று வேலை இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். எதற்காகக் கழற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. சர்வீஸ் மையத்துத் தொழில்நுட்பர் நாள்தோறும் பார்ப்பது ஒரே அமைப்பிலுள்ள கார்களை. அவருடைய கையேடும் கருவியும் அந்த அமைப்புக்கு எழுதப்பட்டவை. வேறு வடிகட்டி, வேறு ஸ்பிரிங், கூடுதல் வயர் என்று கொண்டுபோய் நிறுத்தினால், உண்மையான பழுது அவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. எந்தச் சத்தத்துக்கும் நாம் பொருத்தியதே காரணமாகிவிடுகிறது. அவர் அறிந்த காரை அவர் முன் நிறுத்துவது அவருக்கும் நமக்கும் நல்லது. ஆனால் நாம் பொருத்தியதால் கெட்டுப்போன ஒன்றை, பொருத்தியதைக் கழற்றி ஒளித்துவிட்டு இலவசமாக மாற்றித் தரச் சொல்வது வேறு. அதை நான் செய்வதில்லை. செய்யப் போகிறேன் என்று வருபவர்களுக்குக் கருவி கொடுப்பதும் இல்லை.

முதலில் காற்று வடிகட்டி. காரோடு வந்த தொழிற்சாலைப் பெட்டியை அகற்றிவிட்டுக் கூம்பு வடிவத் திறந்த வடிகட்டியைப் போடுவது இளைஞர்களுக்கு முதல் ஆசை. சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லிந்தாங் பக்கம் தோட்டத்துச் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஓட்டிப் பாருங்கள். வெயில் காலத்தில் செம்மண் தூசி முன்கண்ணாடியை மூடுகிறது. அந்தத் தூசி முழுவதும் திறந்த வடிகட்டிக்குத்தான் போகிறது. தொழிற்சாலைப் பெட்டி காற்றை எஞ்சினின் வெப்பத்திலிருந்து தள்ளி எடுக்கிறது. திறந்த வடிகட்டி எஞ்சின் அறையின் சூட்டுக்காற்றையே உறிஞ்சுகிறது. நம் ஊர் வெயிலில் இதனால் வேகம் கூடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் எண்ணெய். துணி வடிகட்டிகளைக் கழுவிய பிறகு எண்ணெய் தெளிக்க வேண்டும். அளவு மீறினால் அது காற்றோட்டத்தோடு போய், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய சூட்டுக்கம்பியில் படிகிறது. அளவு பிசகுகிறது, எரிபொருள் கலவையும் பிசகுகிறது. வடிகட்டியைக் கழற்றிப் பழைய பெட்டியை வைத்தாலும் கம்பியில் படிந்த எண்ணெய் அங்கேயே இருக்கும். எஞ்சின் விளக்கு எரிந்து, சென்சாரைத் திறந்து பார்க்கும் தொழில்நுட்பர் அதைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார். நான் இப்போது தொழிற்சாலைப் பெட்டியிலேயே சாதாரணக் காகித வடிகட்டியைப் போட்டு, தோட்டத்துச் சாலையில் ஓடுவதால் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்றிவிடுகிறேன்.

கழற்றும் நேரமும் முக்கியம். முதல்நாள் இரவு கழற்றுவது பயனற்ற வேலை. கலவையை எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்பதை ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, ஓடும்போதே கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருக்கிறது. பழைய பாகத்தைப் பொருத்திய பின் அது மறுபடியும் கற்றுக்கொள்ளச் சில நாள் ஓட்டம் வேண்டும். ஆகவே நான் சர்வீஸுக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிட்டு, வேலைக்கும் சந்தைக்கும் வழக்கம்போல் ஓட்டுகிறேன். பேட்டரியைக் கழற்றி நினைவை அழித்துவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அழித்தது தெரிந்துவிடும். பிழைக்குறிகளை அழித்த பிறகு கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, எத்தனை முறை எஞ்சின் சூடேறியிருக்கிறது, எந்தெந்தச் சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்பதையெல்லாம் சாதாரண ஸ்கேனரே காட்டிவிடுகிறது. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார், நேற்றுதான் நினைவு அழிக்கப்பட்டதாகச் சொன்னால் யாருக்கும் கேள்வி எழும்.

ஈசியுவில் மென்பொருளையே மாற்றி எழுதுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உத்தரவாதம் முடியும்வரை தொடாதீர்கள். பழைய மென்பொருளைத் திரும்ப எழுதினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பல ஈசியுக்களில் தங்கிவிடும். மென்பொருளுக்கென்று ஓர் அடையாள எண்ணும், அது மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் இன்னோர் எண்ணும் உண்டு. ஃபோக்ஸ்வாகன், ஆவ்டி கார்களில் இப்படி மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் டிடி1 என்ற குறியே பதிவாகிறது. அதன் பிறகு எஞ்சின், கியர் தொடர்பான உத்தரவாதக் கோரிக்கைகள் பெரும்பாடு.

அடுத்து ஸ்பிரிங். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் போட்ட என் மைத்துனரின் அனுபவம் இது. தோட்டத்துச் சாலையின் சிறுபாலங்களில் இறங்கி ஏறி, முன்பக்க அப்சோர்பரில், அதாவது அதிர்வைத் தாங்கும் குழாயில், எண்ணெய் கசிந்தது. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுக் கோரிக்கை வைக்கலாம் என்று புறப்பட்டார். நான் தடுத்தேன். "அண்ணே, அப்சோர்பர் கெட்டதுதானே உண்மை? அதை மாற்றிக் கொடுப்பது அவர்கள் கடமைதானே?" என்றார். கெட்டது உண்மை, எதனால் கெட்டது என்பதும் உண்மை. ஸ்பிரிங் குட்டையானால் அப்சோர்பரின் தண்டு எப்போதும் பாதி அமுங்கிய நிலையிலேயே வேலை செய்கிறது, பள்ளத்தில் இறங்கும்போது அடிமட்டத்தில் முட்டுகிறது. அதோடு, தாழ்த்திய பட்டறைக்காரர் அடிபடாமல் தடுக்கும் ரப்பர் தாங்கியை வெட்டியிருந்தார். ஸ்பிரிங்கை மாற்றலாம், வெட்டிய ரப்பரை ஒட்ட முடியுமா? கேளாமல் போனார். சர்வீஸ் மையத்தில் தூசியுறையைத் தூக்கிப் பார்த்ததும் கோரிக்கை மறுக்கப்பட்டது, பணிச்சீட்டில் குறிப்பும் ஏறியது. இப்போது வேறு எதற்குப் போனாலும் அந்தக் குறிப்பை முதலில் படிக்கிறார்கள்.

ஸ்பிரிங் மாற்றுவது வீட்டு வேலையும் அல்ல. அமுக்கும் கருவி நழுவினால் ஸ்பிரிங் கையையோ முகத்தையோ சிதைத்துவிடும். ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் சக்கர நேர்ப்பாடு பார்க்க வேண்டும், இல்லையென்றால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். வருடத்துக்கு இரண்டு முறை இதைச் செய்யும் செலவில் நல்ல டயரே வாங்கிவிடலாம். தோட்டத்து ஊரில் வாழ்பவருக்குக் காரின் உயரம் ஒரு சொத்து. அதைக் குறைக்க வேண்டாம்.

சைலென்ஸரின் பின்பெட்டியை மட்டும் மாற்றியவர்களுக்குக் கழற்றுவது எளிது என்று தோன்றும். மழையும் சேறும் பட்ட போல்ட் துருப்பிடித்து, திருகும்போது முறியும். முதல்நாளே துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். கசிவைத் தடுக்கும் இணைப்பு கேஸ்கெட் பெரும்பாலும் ஒரு முறைக்குத்தான். புதியது வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இரைச்சலுக்கு 1987ஆம் ஆண்டிலிருந்தே சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ் விதிமுறைகள் இருக்கின்றன, சாலைச் சோதனையில் பிடிபட்டால் உத்தரவாதம் பற்றிய கவலையே இரண்டாம்பட்சம்.

ஸ்போர்ட் ரிம்மை நான் கழற்றுவதில்லை. கார் நிறுவனம் அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தால் யாரும் கேட்பதில்லை. நட்டின் அமர்விடம் மட்டும் கவனம்: கூம்பு வடிவ அமர்வுக்குக் கூம்பு நட், உருண்டைக்கு உருண்டை. மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் தளரும். மாற்றிய பின் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

வெயிலுக்குக் கண்ணாடியில் ஒட்டும் படலத்தையும் கழற்ற வேண்டியதில்லை, விதிக்குள் இருந்தால் போதும். முன்கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும். பின்பக்கத்துக்கு 2019 முதல் கட்டுப்பாடு இல்லை.

வயரில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டேஷ்கேமுக்கு ஃபியூஸ் பெட்டியில் செருகும் துணை இணைப்பை வாங்கினால், கழற்றும்போது தடயமே இராது. அதே வேலையைச் சில கடைகள் கம்பியின் உறையைக் கிழித்துக் கவ்வி போட்டு முடிக்கின்றன. அந்தக் கீறல் போகாது. ஈரம் உள்ளே இறங்கிப் பச்சையாகப் பூக்கும். பெரிய திரை வாங்குபவர்கள் காரின் சொந்தச் செருகிக்குப் பொருந்தும் இணைப்புக் கம்பியோடு வாங்குங்கள். முகப்பு விளக்கில் வேறு வகைப் பல்பைப் போடாதீர்கள். செருகி உருகினால் அதை ஒளிக்க வழியில்லை; எதிரில் வருபவரின் கண்ணும் கூசும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அபராதமும் வரும்.

சட்டம் நம் பக்கம் என்று அமெரிக்கக் காணொளிகளைக் காட்டி வாதிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் சொல்வது 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டம். அது அமெரிக்கச் சட்டம், ஈப்போ சர்வீஸ் மையத்து முகப்பில் செல்லாது. நமக்கு இருப்பது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள உரிமை. நாம் பொருத்திய பாகத்துக்கும் பழுதுக்கும் தொடர்பே இல்லாதபோது கோரிக்கையை மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அந்த மன்றத்தில் பேசப்போவது ஆவணங்கள். எனவே சர்வீஸ் தவறாமல் செய்த பதிவும் ஒவ்வொரு பணிச்சீட்டும் கையில் இருக்கட்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றங்களைத் தெரிவித்திருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு தெரிவிப்பதில் பயனில்லை.

கழற்றிய தொழிற்சாலைப் பாகங்களை எங்கே வைப்பது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிரச்சினை இல்லை. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலித்தொல்லை அதிகம். எலியைக் கட்டுப்படுத்தத் தோட்டங்களே ஆந்தைக் கூடுகளை வைத்துப் பராமரிக்கின்றன. அட்டைப்பெட்டியில் வைத்த வயரையும் ரப்பரையும் எலி கடித்துவிடும். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். உலோகப் பாகங்களுக்கு மெல்ல எண்ணெய் பூசுங்கள், ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தின் பெயர் எழுதிய சிறு பையில் போடுங்கள். கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் திரும்பப் பொருத்தும்போது தேடல் மிச்சம்.

கடைசியாக, முகப்பில் பேசுவது பற்றி. கழற்றாமல் விட்டதை நானே சொல்லிவிடுகிறேன். என் கார் ஜன்னலை ஏற்றி இறக்கும் மோட்டார் நின்றபோது, ரிம்மும் படலமும் டேஷ்கேமும் இருப்பதை ஆலோசகரிடம் சாவி கொடுக்கும் முன்பே சொன்னேன். "அண்ணே, இவற்றுக்கும் மோட்டாருக்கும் சம்பந்தம் இல்லை, கோரிக்கை அனுப்பிவிடுகிறேன்" என்றார் அந்தத் தம்பி. புதிய மோட்டார் வந்தது, காசு கேட்கவில்லை. அப்போதிலிருந்து ஒவ்வொரு சர்வீஸிலும், காரில் என்ன பொருத்தியிருக்கிறது என்பதைப் பணிச்சீட்டில் எழுதச் சொல்கிறேன்; கையெழுத்தான பிறகு அந்தச் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டுதான் காத்திருப்பு அறைக்குப் போகிறேன்.