வாரம் ஒரு தலை: 'ஹைலேண்டர்' தொடர் பார்த்த கதை

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, முறை வருகிறவரை குவியலுக்குக் காவல் கிடந்தேன். எட்டு ராத்திரி. மச்சினன் போனில் ஏற்றித் தந்த 'ஹைலேண்டர்' என்ற ஆங்கில டிவி தொடர்தான் துணை. 1992 முதல் 1998 வரை ஓடியது, மொத்தம் 119 எபிசோடு. நான் பொறுக்கிப் பொறுக்கி நாற்பது பார்த்திருப்பேன்.

நாயகன் டங்கன் மெக்லவுட், 1592ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவன். தஞ்சாவூரில் நாயக்கர் ஆண்டுகொண்டிருந்த காலம்! அவனைப் போல் சாகாதவர்கள் நிறையப் பேர். தலையை வெட்டினால் மட்டுமே சாவு, வெட்டியவனுக்குச் செத்தவனின் சக்தி. கோயில் மண்ணில் மட்டும் வாளை உருவக் கூடாது. நம் கதைகளில் சாகாமை மார்க்கண்டேயனுக்கு வரம், அசுவத்தாமனுக்குச் சாபம். இதில் அது ஒரு வேலை மாதிரி, வாரம் ஒரு தலை. வெட்டியதும் மின்னல் அடித்துக் கண்ணாடியெல்லாம் நொறுங்கும். பாதிக்கு மேல் தள்ளிவிட்டுத்தான் பார்த்தேன். அத்தனை பேருக்கும் தீர்ப்பு எழுத இவன் யார் என்ற கேள்வியும் போகவில்லை.

ஆனால் ஐந்தாவது சீசனில் மெத்தோஸ் கதை வருகிற இரண்டு எபிசோடுக்காக மற்றதை மன்னிக்கலாம். ஐயாயிரம் வயசு ஆள், டங்கனின் நண்பன், கிண்டல்காரன். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் நாலு பேராகக் குதிரையேறி ஊர் ஊராகக் கொன்று குவித்தவன் என்று தெரியவருகிறது. அவன் அடிமையாக வைத்திருந்த கசாண்ட்ரா உயிரோடு வந்து நிற்கிறாள். டங்கன் கேட்கும்போது அவனும் ஆமாம் என்கிறான். கடைசியில் பழைய கூட்டாளியைத் தன் கையாலேயே வெட்டிவிட்டு மண்டியிட்டு அழுகிறான். பின்னால் அவள் கோடாலியோடு. டங்கன், அவன் உயிரோடு இருக்கட்டும் என்கிறான். அவள் கோடாலியைப் போட்டுவிடுகிறாள். மன்னித்தாளா என்பதைத் தொடர் சொல்லவில்லை. அதுதான் பிடித்தது.

அப்போது மணி மூன்றிருக்கும், தார்ப்பாயெல்லாம் பனி. பக்கத்துக் குவியல் சித்தப்பா மகனுடையது. வாய்க்கால் மடைச் சண்டையில் இரண்டு வீட்டுக்கும் முப்பது வருஷமாகப் பேச்சில்லை. "என்னண்ணே, விடிய விடியப் படம்?" என்றான். சரி என்று கதையைச் சொன்னேன்.

"அவளை வெட்ட விட்டிருக்கணும்ணே" என்றான்.

அந்த இரண்டு எபிசோடை மட்டும் அனுப்பியிருக்கிறேன். அதற்காகத்தான் அவன் நம்பரையே வாங்கினேன்.